சாத்தானுக்குக் குரல் கொடுத்தவர்

எங்கள் சபையின் பொன்விழாவுக்கு நாடகம் போடுவது என்று முடிவானது. பாடகர் குழுவை நடத்தும் இசை டீச்சர்தான் கதை, வசனம், பாட்டு எல்லாம். ஆண்டவர் வனாந்தரத்தில் உபவாசம் இருந்தபோது சாத்தான் வந்து சோதித்த கதையை எடுத்துக்கொண்டார். ஆண்டவராக நடிக்கப் போட்டி. தேவதூதர்களாக வரக் குழந்தைகள் வரிசை கட்டி நின்றார்கள். பாறையாகச் சுருண்டு கிடப்பதற்குக்கூட ஆள் கிடைத்தது. சாத்தானுக்குத்தான் ஒருவரும் முன்வரவில்லை.

"மேடைக்கே வர வேண்டாம். திரைக்குப் பின்னாடி நின்னு குரல் மட்டும் குடுத்தாப் போதும்," என்று டீச்சர் இறங்கி வந்து பார்த்தார். அப்போதும் எல்லாரும் அவரவர் பாட்டுத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யார் முதலில் திரும்பினார்களோ தெரியவில்லை, எல்லார் கண்ணும் என் பக்கத்து நாற்காலியில் வந்து நின்றது. அங்கே மைக் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

மைக் அண்ணன் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடியில் கண்ணாடிக் கூண்டு, ஒரு சுழல் நாற்காலி, நேர அட்டவணை ஒட்டிய பலகை, ஒரு மைக். எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் என்று நாள் முழுக்கச் சொல்ல வேண்டும். அவர் குரல் கனமானது, ஆனால் காதில் இடிக்காது. பேருந்து தாமதம் என்று அவர் சொன்னால், எழுந்து நின்று கத்தத் தயாரானவனும் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவான். பாடகர் குழுவில் அவரும் நானும் கடைசி வரிசை. அவர் பாடினால் நான் வாயை மட்டும் அசைத்தால் போதும்.

"வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்," என்றார்.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நம் கண்ணைப் பார்த்தே பவர் கூடியிருக்கிறதா என்று சொல்லிவிடுகிற அக்கா. சேதியைக் கேட்டதும், "தாராளமா பேசுங்க. ஆனா ஒத்திகைய வெளியில வெச்சுக்கங்க. இந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு அதிபதி இருக்கேன், இன்னொருத்தருக்கு இடம் பத்தாது," என்றாராம்.

முதல் ஒத்திகையில் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு உறுமினார். வார்த்தைக்கு வார்த்தை உறுமல். முன்வரிசையில் இருந்த சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அண்ணே, பல்லு பிடுங்கிட்டு வந்தவர் மாதிரி இருக்கு," என்றார் டீச்சர். "கொஞ்சம் மனுஷனாப் பேசுங்களேன்."

இரண்டாம் முறை கிசுகிசுத்தார். அது திருடன் மாதிரி இருந்தது. மூன்றாம் முறை சிரித்துக்கொண்டே பேசினார். அது சீட்டுப் பிடிப்பவர் மாதிரி இருந்தது. அண்ணன் தாளைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தடவினார்.

"டீச்சர், ஒரு சந்தேகம். உயரமான மலைக்குக் கூட்டிட்டுப் போயி, உலகத்தையெல்லாம் காட்டி, 'இதெல்லாம் என் கையில இருக்கு, நான் யாருக்கு வேணும்னாலும் குடுப்பேன், என்னைப் பணிஞ்சுக்கோ'ன்னு சொல்றான் இல்லையா? அந்த இடத்துல அவன் பொய் சொல்றானா, உண்மை சொல்றானா?"

டீச்சர் பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "சாத்தான்னா பொய்தானே சொல்லுவான்?"

"பொய்யின்னா அது ஆண்டவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இல்லாத வீட்டை விக்க வந்தவன்கிட்ட நமக்கென்ன சபலம் வரும்? அப்புறம் அது எப்படிச் சோதனையாகும்? சரி, உண்மைன்னு வெச்சுக்குவோம். அப்ப இந்த உலகம் நிஜமாவே அவன் கையிலயா இருக்கு? எனக்கு இது தெரிஞ்சாத்தான் சொல்ல வரும். பொய்யை ஒரு மாதிரி சொல்லணும், உண்மைய வேற மாதிரி சொல்லணும்."

அன்றைய ஒத்திகை அதோடு சரி. பாறையாக நடிக்கிறவர் உட்பட எல்லாரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

அண்ணன் விடுகிற ஆள் இல்லை. மறுநாளே போதகரைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். எனக்கும் அரிப்பு தொற்றிக்கொண்டிருந்தது. ஆலயத்துக்குப் பின்னால் போதகரின் அறை. மழை ஒழுகின இடத்தில் சுவர் பொரிந்திருக்கும். மேசை மேல் புத்தகங்களுக்கு நடுவில் எங்கேயோ போதகர் இருப்பார். கேள்வியைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"உக்காருங்க. படிச்சவங்களே இதுல ரெண்டு கட்சி," என்றார். "ஒரு கட்சி, அவன் பொய்க்கே தகப்பன், வழக்கம்போல அளக்குறான்னு சொல்லும். இன்னொரு கட்சி, ஆண்டவர் பூமிய மனுஷன்கிட்டதான் ஒப்படைச்சார், மனுஷன் ஏமாந்து அதை அவன் கையில குடுத்துட்டான், அதனால ஒரு கணக்குக்கு அவன் சொல்றது உண்மைன்னு சொல்லும். ஆண்டவரே அவனை இந்த உலகத்தின் அதிபதின்னுதானே சொல்லியிருக்கார்?"

"நீங்க எந்தக் கட்சி, ஐயா?"

போதகர் சிரித்தார். "நான் கவனிச்ச ஒண்ணு சொல்றேன். 'நீ பொய் சொல்ற, இது உன்னுது இல்ல'ன்னு ஆண்டவர் அவன்கூட வழக்காடவே இல்ல. யாரைக் கும்பிடணும்ங்கிறதை மட்டும் சொல்லிட்டு அனுப்பிட்டார். ஏன் வழக்காடலைன்னு எனக்குத் தெரியாது. நான் சபையில எப்படிச் சொல்லுவேன்னா, வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருத்தர். உள்ள குடியிருக்கிறவன் வேற ஒருத்தன். வாடகையும் குடுக்கிறதில்ல, ஆனா வாசல்ல தன் பேரைப் பெருசா எழுதி மாட்டியிருக்கான். தெருவுல போறவங்க அவனைத்தான் சொந்தக்காரன்னு நினைச்சு வணக்கம் வைக்கிறாங்க. சிலுவையில வழக்கு ஜெயிச்சாச்சு, தீர்ப்பும் வந்தாச்சு. ஆனா அவன் இன்னும் காலி பண்ணலை. கண்ணாடிய உடைக்கிறான், கதவைக் கழட்டுறான்."

"தீர்ப்பு வந்தப்புறமும் ஏன் ஐயா விட்டுவெச்சிருக்காங்க? ஆள் அனுப்பித் தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"அதைத்தான் விசுவாசிங்க அன்னையிலிருந்து முழங்கால்ல நின்னு கேட்டுட்டிருக்காங்க," என்றார் போதகர். அப்போது அவர் சிரிக்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன், "ஐயா நல்ல மனுஷன். தெரியாததைத் தெரியாதுன்னுட்டார்," என்றார். ஆனால் நாடகத்தில் அந்த வரியை எப்படிச் சொல்வது என்பது அப்படியே இருந்தது.

இந்த விஷயத்தில் சந்தேகமே இல்லாத ஒருத்தி அவர் குடும்பத்தில் இருந்தாள். அவருடைய கொழுந்தியாள், மனைவியின் தங்கை. வேலைக்குப் போகிற பெண்களுக்கான விடுதியில் வார்டன். வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதே அவள் தொழில் என்று விடுதிப் பெண்கள் சொல்வார்கள். அவளுக்குச் சாத்தான் அன்றாடம் பார்க்கிற ஆள். வாஷிங் மெஷின் நின்றால் சாத்தான். ஆலயத்தில் பிரசங்க நேரத்தில் யாருடைய கைபேசியாவது அலறினால் சாத்தான். நகப்பூச்சு, தொடர் நாடகம், கதவைச் சாத்திக்கொண்டு போனில் பேசுகிற பெண் எல்லாம் அவன் வேலை. அத்தான் சாத்தானுக்குக் குரல் கொடுக்கப் போகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா வீட்டில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"பொய்யா உண்மையான்னு என்ன அத்தான் கேள்வி? கண்ணுக்கு முன்னாடி தெரியலையா? ஊரே அவன் கையிலதான் இருக்கு," என்றாள் வாசற்படியில் நின்றபடி.

"பூராவுமா? இந்தச் செடி, அந்த மேகம், எதிர்வீட்டுக் குழந்தை, அதெல்லாமுமா?"

அவள் யோசித்தாள். "குழந்தை வளர்ந்ததும்," என்றாள்.

அக்கா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "உலகம்னா மண்ணும் மரமும் இல்லன்னு எனக்குத் தோணுது. நாம ஒருத்தருக்கொருத்தர் போட்டு வெச்சிருக்கிற ஏற்பாடு இருக்கே, யாரு மேல, யாரு கீழ, யாரு வரிசையில நிக்கணும், யாரு நேரா உள்ள போகலாம்னு, அதுதான் உலகம். அதைப் பார்த்தாத்தான் யாரோ உக்காந்து நடத்துற மாதிரி இருக்கு."

அண்ணன் இதையும் கேட்டுக்கொண்டார். வேலைக்குப் போய்க் கூண்டிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே யோசித்தாராம். ஒருவர் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிக்கிறார். ஒருவர் எழுந்து கர்ப்பிணிக்கு இடம் கொடுக்கிறார். இதில் எது யார் கணக்கு என்று பிரித்துப் பார்த்தால் தலை சுற்றியது. கைக்குட்டை போட்டவரே சற்று நேரத்தில் வேறொருவர் பெட்டியை ஏற்றிவிட்டார்.

அந்த வாரம்தான் அது நடந்தது. வெளியூர்ப் பேருந்து ஒன்று வழியில் எஞ்சின் நின்றுபோய்விட்டது. எப்போது சரியாகும் என்று டிப்போவுக்கே தெரியாது. கீழே கூட்டம் சேர்ந்து, ஒரு பெரியவர் தடியால் தூணைத் தட்ட ஆரம்பித்தார். தொலைபேசியில் அதிகாரி, "சிறிது நேரத்துல வரும்னு சொல்லுங்க," என்றார். அண்ணன் மைக்கைப் பிடித்தார். "பயணிகளின் அன்பான கவனத்திற்கு. தங்கள் பேருந்து சிறிது நேரத்தில் வந்து சேரும். தயவுசெய்து அமர்ந்திருங்கள்." எப்போதும் சொல்கிற அதே இதமான குரல். கூட்டம் உட்கார்ந்தது. பெரியவர்கூடத் தடியை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் மைக்கை அணைத்துவிட்டு அப்படியே இருந்தாராம். பொய்யா? பேருந்து ஒரு நேரத்தில் வரத்தான் போகிறது. உண்மையா? சிறிது நேரம் என்பது அவருக்கே தெரியாது. பேருந்து அவருடையதும் இல்லை. ஆனால் கீழே இருப்பவர்களுக்கு, மாடியிலிருந்து வருகிற குரல்தான் பேருந்து நிலையத்துக்கே சொந்தக்காரன்.

அடுத்த ஒத்திகையில் அவர் உறுமவில்லை. திரைக்குப் பின்னால் நின்று, பேருந்து நிலையத்தில் பேசுவது போலவே பேசினார். "பசியாக இருக்கிறீர்கள். களைத்திருக்கிறீர்கள். கீழே பாருங்கள். அத்தனையும் என் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது. ஒருமுறை பணிந்தால் போதும், எல்லாம் தங்கள் வசம்." அவ்வளவு மரியாதை, அவ்வளவு அக்கறை. என் கையில் மயிர்க்கூச்செறிந்தது. "இன்னொரு தடவை சொல்லுங்கண்ணே," என்ற டீச்சர், உடனே, "வேணாம், வேணாம். அன்னைக்குச் சொன்னாப் போதும்," என்றார்.

விழா ஞாயிறு பிற்பகலில் நடந்தது. கூடம் நிறைந்து, வராந்தாவிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். கொழுந்தியாளும் வந்திருந்தாள். நாடகம் பார்க்க அல்ல, பாட்டுக்காக என்று சொல்லிக்கொண்டாள். முதல் இரண்டு சோதனைகளும் ஒழுங்காகப் போயின. மலைக் காட்சியில் விளக்குகளைக் குறைத்தார்கள். அண்ணன் குரல் வந்தது. "கீழே பாருங்கள்..."

மூன்றாம் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார். பேருந்து நிலையத்தில் அந்தக் குரலைக் கேட்டால் எழுந்து பழகிய உடம்பு. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தபால்காரர் அசடு வழிய உட்கார்ந்தார். சிரிப்பு பாதியில் அறுந்தது. தாங்களும் நாற்காலியின் நுனிக்கு வந்திருப்பதைச் சிலர் கவனித்துவிட்டார்கள். ஆண்டவராக நடித்தவர் தன் வசனத்தைச் சொல்லச் சற்று நேரம் எடுத்துக்கொண்டார். மறந்துவிட்டாரோ என்று டீச்சர் பதறினார். "மறக்கல. அவ்வளவு சீக்கிரமா வேணாம்னு சொல்லக் கூடாதுன்னு இருந்துச்சு," என்று அவர் பிறகு சொன்னார்.

இதன் பலன் அண்ணன் வேலையிடம் வரை வந்தது. எங்கள் சபைப் பெண்மணி ஒருவர், "நடைமேடை நான்கு" என்று அண்ணன் குரலில் கேட்டதும் நான்காம் நடைமேடைக்குப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டாராம். கல்லூரிப் பிள்ளைகள் கீழேயிருந்து, "பணிஞ்சுட்டோம் அண்ணே, பஸ்ஸைக் குடுங்க!" என்று கத்தினார்கள். யாரோ புகாரும் கொடுத்துவிட்டார்கள். அதிகாரி கூப்பிட்டு விசாரித்தார்.

"சாத்தான் குரல்ல அறிவிப்பு பண்றீங்கன்னு புகார் வந்திருக்கு. யாருய்யா அந்தச் சாத்தான்? நம்ம டிப்போ ஆளா?"

அண்ணன் கதை முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அதிகாரி கையில் எடுத்த தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை.

"கடைசியில வாங்கிக்கிட்டாரா?"

"இல்ல சார். வேணாம்னுட்டார்."

"மொத்த உலகத்தையுமா? அவன் நிஜமாவே குடுத்திருப்பானா?"

"அதைத்தான் சார் நானும் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் கேட்டுட்டிருக்கேன்."

புகார் அதோடு போயிற்று. ஆனால் வேறொரு இழுபறி தொடங்கியது. அடுத்த முறை பேருந்து வழியில் நின்றபோது அண்ணன் மைக்கில், "எப்போது வரும் என்று எங்களுக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் சொல்கிறோம்," என்று அறிவித்துவிட்டார். கூட்டம் படியேறிக் கூண்டுக்கே வந்துவிட்டது. கண்ணாடியைத் தட்டி, "தெரியாதுன்னு சொல்றதுக்கா மேல உக்காந்திருக்க?" என்று ஒருவர் கேட்டார். அதிகாரி பழையபடியே சொல்லச் சொல்கிறார். இவர் ஒரு நாள் அப்படியும் ஒரு நாள் இப்படியும் சொல்கிறார்.

ஒரு மாலை கொழுந்தியாள் வந்தாள். நேராக அடுக்களைக்குள் போய் நின்றாள். அண்ணன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது." கைப்பையின் வாரைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். "அன்னைக்கு நீங்க பேசினப்போ எனக்கு 'சரி'ன்னு சொல்லணும்போல இருந்துச்சு."

"யாருக்குச் சரி?" என்றார் அக்கா.

"அவனுக்குத்தான்."

"அவன் ஆண்டவர்கிட்டதானே கேட்டான். உன்கிட்ட கேக்கலையேடி."

"என்கிட்ட கேட்ட மாதிரிதான் இருந்துச்சு, அக்கா. கண்ணுல என்ன தெரிஞ்சுது தெரியுமா? நகையோ பங்களாவோ இல்ல. விடுதியில அத்தனை பொண்ணுங்களும் சொன்ன நேரத்துக்கு வந்து, ஒருத்தியும் பொய் சொல்லாம, ஒருத்தியும் பாத்ரூம்ல தாப்பாள் போட்டுக்கிட்டு அழாம, வரிசையா சாப்பிட உக்காந்திருக்காங்க. ஒரு சத்தமில்ல. அது மட்டும் கிடைச்சா யாரைப் பணிஞ்சா என்னன்னு ஒரு நிமிஷம் நினைச்சுட்டேன்." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நான் கெட்டதா எதுவும் கேக்கலையே அத்தான்? நல்லதைத்தானே கேட்டேன்?"

அண்ணன் பூண்டைக் கீழே வைத்தார். அவருக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. கேட்கத்தான் தெரிந்தது. "அவன் குடுப்பான்னு நினைச்சியா?"

"குடுப்பான். குடுத்திருப்பான். அதான் பயமா இருக்கு."

"குடுத்திருந்தா, அந்தப் பொண்ணுங்க எப்படி இருந்திருப்பாங்க?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். "தலை குனிஞ்சிருந்தாங்க," என்றாள் பிறகு. "அப்பத் தெரியலை. இப்ப நீங்க கேட்டதும் தெரியுது. ஒருத்தி முகமும் தெரியலை."

அக்கா அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்தாள். "நகப்பூச்சுல இருக்கான்னு சொல்லிட்டிருந்தவளாச்சே நீ," என்று அக்கா மெதுவாகச் சீண்டினார்.

"அதுலயும் இருக்கான்," என்றாள் அவள், விட்டுக்கொடுக்காமல்.

அந்த வாரம் விடுதிக்குத் தாமதமாக வந்த பெண் ஒருத்தியை அவள் வழக்கம்போலத் திட்டினாளாம். திட்டி முடித்துவிட்டு, ஏன் தாமதம் என்றும் கேட்டாளாம். பதிலைவிட, வார்டன் கேள்வி கேட்டதுதான் விடுதி முழுக்கப் பேச்சு.

புதன்கிழமை வேதபாடத்துக்கு முன்பெல்லாம் ஏழெட்டுப் பேர் வருவோம். நாடகத்துக்குப் பிறகு நாற்காலி போதவில்லை. கொழுந்தியாளே எழுந்து நின்று போதகரிடம் கேட்டாள். "ஐயா, கெட்டதைக் காட்டினா நாம ஓடிடுவோம். அவன் நல்லதைக் காட்டி, அதுக்கு ஒரு குனிஞ்ச தலைய மட்டும் கேட்டா எப்படிக் கண்டுபிடிக்கிறது?" போதகர் சொன்ன பதிலை அவள் பாதிதான் ஏற்றுக்கொண்டாள். மீதிப் பாதிக்கு அங்கேயே வாதாடினாள். தபால்காரரும் சேர்ந்துகொண்டார்.

பேச்சு ஓயும்போது அக்கா கையை உயர்த்தினார். "எனக்கு வேற ஒண்ணு புரியலை. உலகத்தைக் காட்டுறதுக்கு எதுக்கு அவ்வளவு உசரமான மலைக்குக் கூட்டிட்டுப் போனான்? சந்தைக்கோ தெருவுக்கோ கூட்டிட்டுப் போயி கிட்ட நின்னு காட்டியிருக்கலாமே?"

போதகர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, "இது எனக்குத் தோணினதே இல்லம்மா," என்று சொல்லிவிட்டு, தாடையைத் தடவிக்கொண்டு எங்களைப் பார்த்தார். உடனே ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம். கூட்டம் முடிந்து ஜெபம் செய்து வெளியே வந்த பிறகும், மைக் அண்ணனும் கொழுந்தியாளும் படிக்கட்டில் நின்று மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, "ரெண்டு பேரும் வர்றீங்களா, இல்ல நான் போகட்டுமா?" என்றார். "இதோ வந்துட்டோம்," என்று சொல்லிவிட்டு, அவர்கள் வாதத்தை விடாமல் அவருக்குப் பின்னால் நடந்தார்கள்.